டிஸ்க்கைத் தூக்கிப் போடும் முன் கார்டைப் பாருங்கள்: வீட்டு சர்வர் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இன்னும் செம்பனைதான். பின் அறையில் ஓடும் என் சர்வரில் எட்டு ஹார்டிஸ்க் இருக்கின்றன, அவற்றில் உள்ளதில் பாதிக்கு மேல் என்னுடையது கிடையாது. சுற்று வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தபோது வெளியே வந்த குடும்பங்களின் கல்யாணப் படங்கள், மாரியம்மன் கோயில் திருவிழாப் படங்கள், தமிழ்ப்பள்ளியில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்கார வைத்து எடுத்த வகுப்புப் படங்கள், கேசட்டில் பதிந்து வைத்திருந்த தாலாட்டு, ஒப்பாரி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தும் மாற்றிப் பதிந்தும் ஏழு வருடமாகச் சேர்த்து வருகிறேன். மூலப் படங்களில் பலவற்றைக் கரையான் தின்றாயிற்று. ஒரு டிஸ்க் காணவில்லை என்று சர்வர் மெசேஜ் அனுப்பினால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்தப் பயத்தில்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் நல்ல டிஸ்க் இரண்டைக் கெட்டுப்போனது என்று கழற்றி வைத்துவிட்டுப் புதிது வாங்கினேன். புதிய டிஸ்க்கும் அதே மாதிரி காணாமல் போனது. கோளாறு டிஸ்க்கில் இல்லை, டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் கன்ட்ரோலர் கார்டில் இருந்தது. அந்தக் காசு இன்னொருவருக்கும் வீணாகப் போகக் கூடாது என்பதற்காக, நான் பார்த்த அறிகுறிகளையும் ஒவ்வொன்றுக்கும் என்ன பார்க்க வேண்டும் என்பதையும், கடைசியில் எந்தக் கார்டை வாங்கலாம் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

எதையும் கழற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். என் பெரியப்பா எண்ணெய் ஆலையில் பாய்லர் பக்கம் வேலை செய்தவர். சர்வர் தகராறைப் பற்றி நான் புலம்பியபோது அவருக்கு டிஸ்க்கும் தெரியாது கார்டும் தெரியாது, கேட்டது ஒன்றே ஒன்று: “எத்தன மணிக்கு நிக்குதுன்னு எழுதி வச்சிருக்கியாப்பா?” நான் எழுதி வைக்கவில்லை. “அப்ப எப்படி ரிப்பேர் பண்ணுவ? நாங்க மணிக்கு மணி எழுதுவோம்ல” என்றார்.

சரி என்று எழுத ஆரம்பித்தேன். எந்த டிஸ்க், அதன் சீரியல் எண், கார்டில் எந்தப் போர்ட், எத்தனை மணி, அப்போது சர்வர் என்ன செய்துகொண்டிருந்தது. மூன்று வாரத்தில் எழுதியது பதினொரு வரி. பதினொன்றில் ஒன்பது, மதியம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில். டிஸ்க் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பாதி விஷயம் தெரிந்துவிட்டது: ஒரே டிஸ்க் திரும்பத் திரும்பப் போனால் அந்த டிஸ்க்கையோ அதன் கேபிளையோ சந்தேகப்படலாம், ஆள் மாறி ஆள் போனால் அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். பொதுவாக இருப்பவை கார்டு, பவர் சப்ளை, சூடு, இந்த மூன்றுதான்.

அப்புறம், ஒவ்வொரு டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்களையும், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் எண்களை, அன்றைக்கே எடுத்து வையுங்கள். லினக்ஸ் என்றால் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை. 5, 197, 198 என்ற மூன்று எண்ணுள்ள வரிகள் கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கின் தட்டிலேயே பிரச்சினை, அதற்கு இந்தக் கட்டுரை உதவாது, உடனே காப்பி எடுங்கள். அந்த மூன்றும் பூஜ்ஜியமாக இருந்து டிஸ்க் மட்டும் காணாமல் போகிறது என்றால் மேலே படியுங்கள்.

டிஸ்க் திடீரென்று காணாமல் போகிறது, ரீபூட் செய்தால் திரும்பி வருகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான், நானும் இதில்தான் மாட்டினேன்.

என் விஷயத்தில் காரணம் சூடு. சாஸ் (பெரிய சர்வர்களின் டிஸ்க் இணைப்பு முறை) வகை கார்டுகள், எல்எஸ்ஐ 9211 மாதிரியானவை, டேட்டா சென்டரில் விமானம் போலச் சத்தம் போடும் சர்வர் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று அதன் மேல் ஓட வேண்டும் என்று கார்டின் குறிப்பேட்டிலேயே இருக்கும். நம் வீட்டில் அது போய் உட்காருவது மேசைக் கம்ப்யூட்டரின் அடி மூலையில், காற்றே போகாத இடத்தில். வெளியே வெயில் 34 டிகிரி, மேலே ஓடு, ஏர்கான் கிடையாது, பெட்டிக்குள் எட்டு டிஸ்க். மதியம் மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்து கார்டின் ஹீட்சிங்க் மேல் விரலை வைத்தேன், ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை, தோசைக்கல்லைத் தொட்டது போலக் கையை எடுத்துவிட்டேன்.

செய்த வைத்தியம் சின்னது. 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை எடுத்து ஹீட்சிங்க் தகடுகளின் இடைவெளியில் இரண்டு நீள ஸ்குருவை லேசாக முறுக்கி நிறுத்தினேன், ஃபேனின் கேபிளை மதர்போர்டில் சொருகினேன். பழைய கார்டாக இருந்தால் ஹீட்சிங்க்கைக் கழற்றிப் பாருங்கள், அடியில் இருக்கும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிரும். துடைத்துவிட்டுப் புதிது போடுங்கள். அன்றிலிருந்து என் நோட்டில் மதிய வரி ஒன்றுகூட விழவில்லை. மீதி இரண்டு வரி இருந்ததே, அது வேறு கதை, கீழே பவர் பகுதியில் சொல்கிறேன்.

சூடு இல்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது கார்டின் சிப் என்ன, அது நிஜமாகவே அத்தனை போர்ட் உள்ளதா என்பது. ஆன்லைனில் விலை மலிவாக 10 போர்ட், 16 போர்ட், 20 போர்ட் என்று சாட்டா (சாதாரணக் கம்ப்யூட்டர்களின் டிஸ்க் இணைப்பு முறை) கார்டுகள் விற்கிறார்கள். ஸ்லாட்டில் சொருகும் பகுதியைப் பார்த்தால் விரல் நகம் அகலம்தான், அதாவது தகவல் போக ஒரே ஒரு பாதை, ஒரு லேன். ஒரு லேனில் இத்தனை போர்ட் எப்படி வரும்? உள்ளே நாலைந்து போர்ட் உள்ள சிப் ஒன்று இருக்கும், அதன் பின்னால் போர்ட் மல்டிபிளையர் என்ற இன்னொரு சிப்பைப் போட்டு ஒரு வழியை ஐந்தாகப் பிரித்திருப்பார்கள். ஒரு டிஸ்க் கொஞ்சம் தடுமாறினால் அந்த மல்டிபிளையர் தன்னை ரீசெட் செய்யும், அதன் பின்னால் இருக்கும் மற்ற டிஸ்க்குகளும் சேர்ந்து விழும். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் இசட்எஃப்எஸ் மாதிரி எல்லா டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் படிக்கும் முறைக்கு இது கொஞ்சமும் ஒத்து வராது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு டிஸ்க் கூட்டமாகப் போகிறது, எப்போதும் அதே கூட்டம்தான் என்றால் மல்டிபிளையர் என்று முடிவு கட்டலாம். இதற்கு வைத்தியம் கிடையாது, கார்டை மாற்றுங்கள்.

இன்னொன்று ஃபர்ம்வேர், கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள். எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்2008, எஸ்ஏஎஸ்2308 சிப் உள்ள கார்டுகளுக்கு 20 என்று தொடங்கும் ஃபர்ம்வேரின் முதல் வெளியீடுகளில் கோளாறு இருந்தது, 20.00.07.00 வந்த பிறகுதான் அது அடங்கியது. எஸ்ஏஎஸ்3008 சிப் உள்ள 9300 கார்டுக்கு 16.00.12.00. சர்வர் பூட் ஆகும்போது வரும் மெசேஜிலேயே இந்த எண் இருக்கும், பத்து நிமிட வேலை, பார்த்துவிடுங்கள். ஏஎஸ்எம்1166 சிப் உள்ள சாட்டா கார்டிலும் பழைய ஃபர்ம்வேரோடு வந்தால் இல்லாத போர்ட்டையெல்லாம் சேர்த்து 32 என்று காட்டும், பூட் ஆகும்போது அத்தனையையும் தேடிக்கொண்டு நிற்கும். புதிய ஃபர்ம்வேர் ஏற்றினால் சரியாகும்.

199 என்ற எண் கூடிக்கொண்டே போகிறது

கேபிள். தொண்ணூறு சதவீதம் கேபிள்தான் என்று துணிந்து சொல்வேன். ஸ்மார்ட் பட்டியலில் 199 என்பது டிஸ்க்குக்கும் கார்டுக்கும் நடுவில் தகவல் கெட்டுப்போய் மறுபடி அனுப்பிய கணக்கு. கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண் குறையாது, அப்படியே நிற்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கூடவில்லை என்றால் போதும். சாட்டா கேபிள் ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது, எட்டுக் கேபிளையும் அழகுக்காக ஒரே கட்டாக இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கேபிளை மாற்றியும் கூடுகிறதா, அதே டிஸ்க்கை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். எண்ணிக்கை டிஸ்க்கோடு போகிறதா, போர்ட்டோடு நிற்கிறதா என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

கார்டே தெரியவில்லை

கார்டை எடுத்து மறுபடி சொருகுங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் நம் ஊர் ஈரம். ஆறு மாதம் அலமாரியில் கிடந்த கார்டின் தங்கப் பல்லில் மங்கலாகப் படலம் படிந்திருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துணியால் துடைத்தால் போய்விடும். பிடிக்கும்போது ஓரத்தைப் பிடியுங்கள். என் அக்கா பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள், நான் கார்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசுவதைப் பார்த்தால் இன்றைக்கும் கையில் ஒரு தட்டு விழும். வெறும் பாதம், பாய், மின்விசிறிக் காற்று என்றிருக்கும்போது கையை முதலில் பெட்டியின் வர்ணம் பூசாத இரும்பில் வைத்துவிட்டுத் தொடுங்கள்.

அப்புறம் ஸ்லாட். மதர்போர்டில் நீளமாக இருக்கும் எல்லா ஸ்லாட்டும் 16 லேன் கிடையாது. இரண்டாவது நீள ஸ்லாட்டில் பெரும்பாலும் நான்கு லேன்தான் ஓடும், சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி போட்டால் அந்த ஸ்லாட் அணைந்தே போகும். போர்டின் குறிப்பேட்டில் அடிக்குறிப்பாக எழுதியிருப்பார்கள், தேடிப் படியுங்கள். முதல் ஸ்லாட்டில் கிராபிக்ஸ் கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காத பழைய பிராண்ட் கம்ப்யூட்டர்களும் உண்டு.

கார்டைச் சொருகினால் கம்ப்யூட்டரே எழுந்திருக்கவில்லை, திரை கறுப்பாகவே நிற்கிறது என்றால், அதுவும் டெல் எச்310, எச்200, ஐபிஎம் எம்1015 மாதிரி பெரிய சர்வரிலிருந்து கழற்றி விற்ற கார்டு என்றால், டேப் வைத்தியம் செய்து பாருங்கள். கார்டின் சில்லுகள் இருக்கும் பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்து, இரும்புத் தகடு இருக்கும் முனையிலிருந்து பற்களை எண்ணுங்கள். ஐந்தாவது, ஆறாவது இரண்டும் நிர்வாகத் தகவல் போகும் கம்பிகள், சாதாரண மதர்போர்டின் மெமரியோடு அவை முட்டிக்கொள்ளும். அந்த இரண்டு பல்லை மட்டும் சூடு தாங்கும் கேப்டான் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி மூடுங்கள். பக்கத்துப் பல்லில் டேப் ஏறக் கூடாது. எனக்கு மூன்று தடவை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது, பூதக்கண்ணாடியும் பல் குத்தும் குச்சியும் வைத்து ஒட்டினேன். கம்ப்யூட்டர் எழுந்தது.

கார்டு தெரிகிறது, டிஸ்க் தெரியவில்லை

இதற்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

டிஸ்க் சுழல்கிறதா? காதை வைத்துக் கேளுங்கள், கையை வைத்தால் லேசான அதிர்வு தெரியும். சுழலவே இல்லை, அதுவும் வெளிப்புற யூஎஸ்பி டப்பாவிலிருந்து உடைத்து எடுத்த டிஸ்க் என்றால், 3.3 வோல்ட் விவகாரம். புதிய டிஸ்க்குகளில் பவர் இணைப்பின் மூன்றாவது பல்லுக்கு மின்சாரம் வந்தால் “அணைந்து இரு” என்று அர்த்தம். பழைய பவர் சப்ளை அதில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், டிஸ்க்கும் சொன்னபடி அணைந்தே கிடக்கும். டேட்டா கேபிள் சொருகும் பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவது பல்லை அதே கேப்டான் டேப்பால் மூடினால் போதும். டிஸ்க் செத்துப்போனது என்று இதற்காகவே பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

சுழல்கிறது, ஆனாலும் தெரியவில்லை என்றால் கேபிளின் திசையைப் பாருங்கள். சாஸ் கார்டிலிருந்து ஒரு தலை நான்கு சாட்டா வாலாகப் பிரியும் கேபிளில் இரண்டு வகை உண்டு, பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போவது ஃபார்வர்டு, மதர்போர்டின் சாட்டா போர்ட்டிலிருந்து பின்தட்டுக்கு, அதாவது டிஸ்க்குகள் நேராகச் சொருகும் பலகைக்குப் போவது ரிவர்ஸ். மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது, வேலையும் செய்யாது. வாங்கும்போது ஃபார்வர்டு என்று கேட்டு வாங்குங்கள். கார்டுப் பக்கத் தலையும் இரண்டு விதம்: 9211, 9207 கார்டுகளுக்கு 8087, 9300 கார்டுகளுக்கு 8643. ஒன்று இன்னொன்றில் நுழையாது.

அடுத்தது ரெய்டு ஃபர்ம்வேர், பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் வேலையைக் கார்டே செய்வது. கார்டு டிஸ்க்குகளைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, “என்னிடம் வால்யூம் ஒன்று உருவாக்கு, அப்போதுதான் காட்டுவேன்” என்று நிற்கும். அதற்காக ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்டு 0 ஆக்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், தயவு செய்து செய்யாதீர்கள். டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்கள் சரியாக வெளியே வராது, டிஸ்க்கின் மேல் கார்டு தன் சொந்தக் குறிப்பை எழுதி வைக்கும், நாளைக்குக் கார்டு செத்தால் அதே மாதிரிக் கார்டைத் தேடி அலைய வேண்டும். டிஸ்க்கை இருக்கிறபடி அப்படியே சர்வரிடம் ஒப்படைப்பதுதான் ஐடி மோட். அந்த ஃபர்ம்வேரை ஏற்றுங்கள், அல்லது ஏற்றி விற்கிற கார்டையே வாங்குங்கள்.

சொந்தமாக ஏற்றுவதாக இருந்தால் இரண்டு விஷயம். கார்டின் மேல் ஸ்டிக்கரில் சாஸ் முகவரி என்று ஒரு நீள எண் இருக்கும், எல்எஸ்ஐ கார்டுகளில் 500605பி என்று ஆரம்பிக்கும். பழைய ஃபர்ம்வேரை அழிக்கும் முன் அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், திருப்பிப் போடக் கேட்கும். இரண்டாவது, அழித்த பிறகு புதியது ஏறி முடியும் வரை மின்சாரம் போகவே கூடாது. நம் பக்கம் மதியம் மூன்றுக்கு மேல் வானம் இருட்டினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருப்பவை சுருக்கமாக. சாட்டா டிஸ்க் சாஸ் கார்டில் ஓடும், சாஸ் டிஸ்க் சாட்டா போர்ட்டில் ஓடாது. எஸ்ஏஎஸ்1068 சிப் உள்ள மிகப் பழைய கார்டு 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள டிஸ்க்கை முழுதாகக் காட்டாது. பெரிய நிறுவனங்களின் சேமிப்புப் பெட்டிகளிலிருந்து கழற்றிய சாஸ் டிஸ்க் சிலவற்றில் செக்டர் 512 பைட்டாக இல்லாமல் 520 ஆக இருக்கும், டிஸ்க் பட்டியலில் வரும், பயன்படுத்த விடாது. எஸ்ஜி ஃபார்மட் என்ற கருவியால் 512 ஆக்கலாம், மணிக்கணக்கில் ஓடும், உள்ளே இருப்பது அத்தனையும் அழியும்.

எல்லாம் தெரிகிறது, மெதுவாக ஓடுகிறது

முதலில் எங்கே மெதுவு என்று பாருங்கள். வீட்டு நெட்வொர்க் ஒரு கிகாபிட் என்றால் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் வரவே வராது, அதற்குக் கார்டைக் குறை சொல்ல முடியாது. சர்வருக்குள்ளேயே, எல்லா டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் வேலை இழுக்கிறது என்றால்தான் கார்டு.

கணக்கு எளிது. கார்டு சொருகும் ஸ்லாட்டின் தலைமுறை பிசிஐஇ 2.0 என்றால் ஒரு லேனுக்கு நொடிக்கு 500 மெகாபைட், 3.0 என்றால் ஏறத்தாழ 985. ஹார்டிஸ்க் ஒன்று 200 என்று வையுங்கள், எட்டு டிஸ்க்குக்கு 1600. ஒரு லேன் 2.0 ஸ்லாட்டில் எட்டு டிஸ்க்கைத் தொங்கவிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 62. எட்டு டெராபைட் டிஸ்க்கை முழுதாகப் படிக்க 200 வேகத்தில் 11 மணி நேரம், 62 வேகத்தில் 36 மணி நேரம். கெட்ட டிஸ்க்கை மாற்றி மறுபடி கட்டும்போது மற்ற டிஸ்க்குகள் அவ்வளவு நேரமும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், இன்னொன்று போகக் கூடாத நேரமே அதுதான். எட்டு லேன் கார்டை நான்கு லேன் ஸ்லாட்டில் போட்டால் 2.0-விலேயே 2000 வருகிறது, போதும், கவலை வேண்டாம். இப்போது எத்தனை லேனில் ஓடுகிறது என்று லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளை விவரமாகச் சொல்லும். எட்டு லேன் கார்டு திடீரென்று ஒரு லேனில் ஓடினால் கார்டு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

டெல் எச்310 கார்டு அதன் சொந்த ஃபர்ம்வேரில் ஒரே நேரத்தில் 25 வேலைகளைத்தான் வரிசையில் வைத்துக்கொள்ளும், ஐடி ஃபர்ம்வேர் ஏற்றினால் 600. பெயர் மாறாத அதே கார்டுதான், வேகம் மட்டும் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிடும்.

எழுதும்போது மட்டும் முதலில் வேகமாக ஓடி அப்புறம் படுத்துவிடுகிறது என்றால் டிஸ்க் எஸ்எம்ஆர் வகையாக இருக்கலாம், தடங்களை ஓலைக் கூரை போல ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை. எந்த மாடல்கள் இப்படி என்பதை டிஸ்க் கம்பெனிகள் 2020 ஏப்ரலில்தான் வெளிப்படையாகச் சொன்னார்கள். ரெய்டுக்கு இந்த வகை வேண்டாம்.

எஸ்எஸ்டி வைத்திருந்தால் அதை மதர்போர்டின் சொந்தப் போர்ட்டிலேயே விடுங்கள். எந்த இடம் காலியானது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை, பழைய சாஸ் கார்டுகளின் வழியாகப் பல எஸ்எஸ்டிகளுக்குப் போய்ச் சேராது.

பூட் ஆக அதிக நேரம்

கார்டின் பூட் ரோம் (பூட் ஆகும்போது மட்டும் ஓடும் பகுதி) ஒவ்வொரு டிஸ்க்காகத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் கார்டில் உள்ள டிஸ்க்கிலிருந்து பூட் செய்யப் போவதில்லை என்றால் அந்த ரோமை அழித்துவிடலாம், கார்டுக்கு ஒன்றும் ஆகாது, நேரம் மிச்சம்.

எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்தில் போகிறது, அல்லது பூட் ஆகும்போது மட்டும் சில வருவதில்லை

என் நோட்டில் மிச்சமிருந்த இரண்டு வரி இதுதான். இரண்டும் மின்சாரம் போய் வந்த உடனே நடந்தவை. கார்டின் மேல் பழியைப் போடத் தயாராக இருந்தேன், காரணம் பவர் கேபிள்.

3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழல ஆரம்பிக்கும் முதல் சில நொடி 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். எட்டும் ஒன்றாக எழுந்தால் 16 ஆம்பியர், 192 வாட். பவர் சப்ளை தாங்கினாலும் நடுவில் இருக்கும் இணைப்பு தாங்க வேண்டுமே. சாட்டா பவர் தலையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பல், ஒரு பல் 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5. அந்த ஒரு தலையை நான்காகப் பிரிக்கும் கேபிளைப் போட்டு நான்கு டிஸ்க்கை மாட்டினால் 8 ஆம்பியர் கேட்கும். நான் அப்படித்தான் மாட்டியிருந்தேன். கழற்றிப் பார்த்தபோது வெள்ளைப் பிளாஸ்டிக்கின் ஒரு மூலை டீத்தூள் நிறத்துக்கு வந்திருந்தது, மூக்கின் அருகே கொண்டுபோனால் கருகிய வாடை. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் பெரிய நான்கு பல் மோலெக்ஸ் தலையிலிருந்து பிரியுங்கள், அதன் பல் அதிகம் தாங்கும். பிரிக்கும் கேபிளிலும் கம்பியைப் பிளாஸ்டிக்குக்குள் உருக்கி ஊற்றி மூடிய வகையை வாங்கவே வாங்காதீர்கள், உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிப்பது அந்த வகைதான். பின்னால் மூடியைத் திறந்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனிப் பள்ளத்தில் அழுத்தி உட்கார்ந்திருப்பது தெரியும் வகையை வாங்குங்கள். யூபிஎஸ் ஒன்று கட்டாயம். இடி இடிக்கும்போது சர்வரை அணைப்பதோடு நிற்காமல் இன்டர்நெட் கேபிளையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

சரி, எந்தக் கார்டு?

மேலே சொன்னது அத்தனையும் பார்த்துவிட்டு, கார்டுதான் மாற்ற வேண்டும் என்று ஆனால், டிஸ்க் எண்ணிக்கையிலிருந்து ஆரம்பியுங்கள்.

மதர்போர்டில் இருப்பதோடு இன்னும் நாலைந்து போர்ட் போதும் என்றால் சாஸ் கார்டே வேண்டாம். ஏஎஸ்எம்1166 சிப் உள்ளது ஆறு போர்ட், ஜேஎம்பி585 ஐந்து போர்ட், இரண்டுமே பிசிஐஇ 3.0 இரண்டு லேன். மல்டிபிளையர் கிடையாது. சூடும் குறைவு, மின்சாரமும் குறைவு. சாஸ் கார்டு சும்மா இருந்தாலும் பத்து வாட் அளவில் தின்னும், வருடத்துக்கு 87 யூனிட்டுக்கு மேல் வரும், கரண்ட் பில் கட்டுகிறவர்கள் அதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

எட்டு டிஸ்க் என்றால் என் தேர்வு 9207-8ஐ (9207-8i). பிசிஐஇ 3.0, எட்டு லேன், ஹார்டிஸ்க்குக்கு 6 கிகாபிட் தாராளம். 9211-8ஐ இன்னும் மலிவாகக் கிடைத்தால் அதுவும் நல்லதுதான். 9300-8ஐ புதியது, கூடுதலாக இருக்கும் 12 கிகாபிட் வேகம் ஹார்டிஸ்க்குக்கு எந்த நன்மையும் செய்யாது, ஆனால் இன்னும் பல வருடம் ஓட்டலாம் என்ற நிம்மதி உண்டு. 9300-16ஐ வேண்டாம் என்பேன், ஒரே பலகையில் இரண்டு சிப், நம் ஊர்ச் சூட்டுக்கு அதைக் குளிர வைப்பது பெரும்பாடு.

தேடும்போது பெயர் குழப்பும். எல்எஸ்ஐ-யை 2014-ல் அவாகோ வாங்கியது, அவாகோ 2016-ல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. ஒரே வகைக் கார்டு மூன்று பெயரில் கிடைக்கும், பெயரை விட்டுவிட்டு சிப் எண்ணைப் பாருங்கள். புத்தம் புதியது, சீல் பிரிக்காதது என்று நம்ப முடியாத மலிவு விலையில் விற்பதைவிட, சர்வரிலிருந்து கழற்றியது என்று ஒளிவில்லாமல் சொல்லி விற்பதை நான் நம்புகிறேன். போலிகள் அதிகம் வருவது அந்தப் “புத்தம் புதியதில்”தான். இரும்புத் தகடு நீளமா குட்டையா என்று கேட்டு வாங்குங்கள், குட்டைத் தகடு சாதாரணப் பெட்டியில் ஸ்குருவில் நிற்காது. என் கார்டும் இரண்டு கேபிளும் சேர்த்து 200 வெள்ளிக்குள் முடிந்தது. முதலில் வீணாக வாங்கிய ஒரு டிஸ்க்கின் விலையில் பாதிகூட இல்லை.

கார்டு மாற்றும் நாளில் முதலில் பூலை (இசட்எஃப்எஸ் சேர்த்து வைத்திருக்கும் டிஸ்க் தொகுப்பை) எக்ஸ்போர்ட் செய்து, சர்வரை முறையாக அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஐடி மோட் கார்டிலிருந்து இன்னொரு ஐடி மோட் கார்டுக்கு மாறும்போது டிஸ்க்குகளை எந்த வரிசையில் மாட்டினாலும் இசட்எஃப்எஸ் தானே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். மாட்டி முடித்ததும் ஒரு ஸ்க்ரப் ஓட்டி, ஓடும் நேரம் முழுக்க ஹீட்சிங்க்கை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், மதிய வெயிலில் ஓட்டினால் இன்னும் நல்லது.

அதற்கு முன்னால் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணிலும் கடைசி நான்கு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி, பெட்டியில் மாட்டியிருக்கும்போதே கண்ணுக்குத் தெரியும் முனையில் ஒட்டுங்கள். கெட்ட டிஸ்க்கை எடுக்கிறேன் என்று நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் ரெய்டு தாங்காமல் போகலாம். எங்கள் வீட்டில் ஸ்டிக்கரை எழுதியது பெரியப்பாதான், சாய்ந்த பெரிய எழுத்தில், எட்டுக்கும். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அதே எட்டையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் தேதி போட்டு வைத்திருக்கிறார்.